பார் இல்லாத சைக்கிள்

"வே கனி! பார் இல்லாத சைக்கிள் ஒண்ணு உம்ம கடையில கெடக்காமே?"

இலத்தூர் பண்ணையார் சுந்தரபாண்டியன் வில்வண்டியை விட்டு இறங்கும்போதே கேட்ட கேள்வி இது.

தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முகம்மது கனிக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே? அந்தச் சைக்கிள் இரண்டு வருஷமாக மனுஷன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த ஒரு துரைசானி ஆசையாகக் கேட்டாளே என்று கப்பலில் வரவழைத்தார். சைக்கிள் வந்து சேருவதற்குள் சாரல் நின்றுபோய், துரைசானியும் மூட்டை கட்டிவிட்டாள். அன்றையிலிருந்து, "என்ன பாய், பொம்பளை சைக்கிள் போணியாச்சா?" என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கேலி.

"கெடக்காவது! ராஜா மாதிரில்லா நிக்குது அண்ணாச்சி!" கனி துணியை எடுத்துத் தூசி தட்டினார். "ஹாலந்து தேசத்து மாடல். குனிய வேண்டாம், நிமிர்ந்து உக்காந்து கடைத்தெருவை வேடிக்கை பாத்துக்கிட்டே நோகாம போவலாம். செயினுக்கு முழு மூடி. வேட்டியோ சேலையோ சிக்கவே சிக்காது. அந்த ஊருல கலெக்டரும் இதுலதான் போவுதாராம், கத்திரிக்கா விக்கவளும் இதுலதான் போவுதாளாம்!"

"அதெல்லாம் இருக்கட்டும். ஏறி இறங்கச் சுளுவா இருக்குமா?"

"பச்சைப்பிள்ளை கூட ஏறி இறங்கும்!"

சொல்லிவிட்டாரே தவிர, கனிக்கு உள்ளே ஒரு குடைச்சல். பண்ணையாருக்கு அறுபது வயசு. ஜன்மத்தில் சைக்கிள் மிதித்தவர் இல்லை. வீட்டு அம்மாளோ வாசல்படி தாண்டாதவள். அப்படியானால் இந்தப் பொம்பளை சைக்கிள் யாருக்கு?

கடைக்கு வருகிறவன் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே அவன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவர் கனி. சும்மா விடுவாரா? 'அட கிழட்டு மனுஷா! வில்வண்டி அடிக்கடி குற்றாலத்துப் பக்கம் போகுதேன்னு பாத்தேன். சங்கதி இதுதானா? பேரன் பேத்தி எடுத்த வயசுல இது தேவையா உமக்கு?' என்று மனசுக்குள் வைதார்.

வாயில் மட்டும் தேன். "யாருக்கு அண்ணாச்சி? ஆளோட உயரம் தெரிஞ்சா சீட்டைச் சரி பண்ணிருவேன்."

"ஆளையே கூட்டிட்டு வந்திருக்கேன்வே. இறங்கும்வே கம்பவுண்டர்!"

வண்டியிலிருந்து முதலில் ஒரு ஊன்றுகோல் இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு பரமசிவன் இறங்கினார்.

கனிக்கு முகம் செத்துப்போயிற்று. கம்பவுண்டர் பரமசிவனைத் தெரியாதவர் அந்த வட்டாரத்தில் யார்? மருந்துப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு இலத்தூர், பண்பொழி என்று வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடுகிறவர். கொஞ்ச நாளாக ஆளைக் காணோம்.

"என்ன கம்பவுண்டரே, இப்படி ஆயிட்டீரு?"

"சைக்கிள்ல இருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு பாய். இப்ப கூடிருச்சு. மிதிக்க முடியுது, பாருக்கு மேல காலைத் தூக்கிப் போடத்தான் முடியலை. மாசம் பொறக்குறதுக்குள்ள வேலைக்கு வராட்டா வேற ஆள் போட்டுருவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சைக்கிள் இல்லாட்டா என் பொழைப்பு அம்புட்டுதான்."

"என் வாசல்லதான்வே விழுந்தாரு!" என்றார் பண்ணையார். "என் கண்ணு முன்னால! மனசு கேக்குமா? நான்தான் வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். செலவு என்ன ஆனாலும் சரி, இவருக்குத் தோதா ஒரு சைக்கிள் வாங்கிக் குடுக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

கனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சே! இந்தத் தங்கமான மனுஷனையா அப்படி நினைத்தோம்?

"அண்ணாச்சி, எனக்கு லாபமே வேண்டாம். மாட்டியிருக்கிற மணிக்கும் விளக்குக்கும் காசு வேண்டாம். உங்க மாதிரி மனசு இந்தக் காலத்துல எவனுக்கு வரும்!"

பண்ணையார் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி சரி. ஓட்டிப் பாரும்வே கம்பவுண்டர்."

பரமசிவன் ஊன்றுகோலைக் கனியிடம் கொடுத்தார். பார் இருக்க வேண்டிய இடத்தில் காலை நுழைத்துச் சீட்டில் உட்கார்ந்தார். ஒரு மிதி, இரண்டு மிதி. சைக்கிள் ஓடியது! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கணகணவென்று மணியடித்துக்கொண்டு, கோயில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்த கனிக்கே கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தவர், பண்ணையார் நின்ற இடத்துக்குச் சற்று முன்னாலேயே சட்டென்று இறங்கினார். சிரிப்பும் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு, நொண்டி நொண்டிச் சைக்கிளை உருட்டியபடி பண்ணையாரைத் தாண்டினார். தாண்டிய பிறகு மறுபடியும் ஏறிக்கொண்டார்.

"என்னாச்சு கம்பவுண்டரே? பிரேக் பிடிக்கலையா?" கனி பதறிப்போனார்.

பண்ணையார் கடகடவென்று சிரித்தார்.

"பிரேக்குக்கு ஒண்ணும் இல்லவே. எம்புட்டு லேசா இறங்குதாரு, பாத்தீரா? என் வீட்டு வாசலை எவனும் சைக்கிள்ல உக்காந்துகிட்டே தாண்டக் கூடாதுல்லா! பழைய சைக்கிள்ல அவசரமா இறங்கப்போயித்தான், பாவம், கால் பார்ல தட்டி விழுந்தாரு. இனி தினமும் என் வாசல்ல கஷ்டமில்லாம இறங்கிக்கிடுவாரு!"