அவள் எடுத்த முடிவு

மனைவிக்கு வந்திருப்பது பைபோலார், அதாவது மனம் அளவில்லாத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய் என்று டாக்டர் சொல்லி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பஸ் டிரைவரான கணவன் அன்று ஒரு பட்டியலோடு வந்திருந்தான்.

"தலைகால் புரியாத சந்தோஷத்துல இவ என்னென்ன பண்ணான்னு எழுதிட்டு வரச் சொன்னீங்களே டாக்டர். போன மாசம் ஒரே நாள்ல வீடு முழுக்க மஞ்சள் பெயின்ட் அடிச்சா. அதுக்கு முன்னாடி, யாரையும் கேக்காம வேலையை விட்டா."

டாக்டர் அவளிடம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி இருந்துச்சாம்மா?"

கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "பதினோரு வருஷம் முன்னாடி ஒரு தடவை. அஞ்சு நாள் தூங்கல. உலகமே என் கையில இருக்கிற மாதிரி இருந்துச்சு. அம்மா அழுதும் கேக்காம ஒரு முடிவு எடுத்தேன்."

"என்ன முடிவு?"

"இவரைக் கட்டிக்கிட்டேன்."

கணவன் கையிலிருந்த பட்டியலை மடித்தான். ஓடுகிற பஸ்ஸில் அவன் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்று, "நாளைக்கே கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று அவள் கேட்டதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் அவன்.

"அப்ப அது நோயா?" என்று அவளைக் கேட்டான்.

"இருக்கலாம்" என்றாள். "மூணாவது வாரம் அந்த வேகம் அடங்கிடுச்சு. என்ன காரியம் பண்ணிட்டோம்னு பெட்டியைக் கட்டி வச்சு, நாள் முழுக்க யோசிச்சேன். சாயங்காலம் பெட்டியைப் பிரிச்சு, துணியைத் திரும்ப அலமாரியில வச்சுட்டேன். அந்த முடிவு நான் எடுத்ததுங்க."