கரையைப் பார்த்து

தீவு தீவாகப் போய் ஊழியம் செய்யும் இளைஞன் யாபேஸுக்குப் படகில் கண்ணை மூடி ஜெபிக்கிற பழக்கம். ஆமென் சொல்வதற்குள் குடலைப் பிரட்டிக்கொண்டு வாந்தி வந்துவிடும். "கண்ண மூடுறதாலதான் தம்பி பெரட்டுது. தூரத்துல கரையப் பாத்துக்கிட்டே கும்பிடுங்க. ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் படகோட்டி சந்தியாகு. இரண்டு வருஷம் அப்படியே ஜெபித்தான், வாந்தி நின்றுபோனது.

நாளை விமானம். பெயர்கூட வாயில் நுழையாத தேசத்தில் இனி ஊழியம். வழியனுப்பு ஆராதனையில் சபையைப் பார்த்து முழங்காலிட்டான். போதகர் அவன் தலையில் கைவைத்ததும் எல்லோரும் கண்ணை மூடினார்கள், அவனும்தான். உடனே வயிற்றைப் பிரட்டியது. கண்ணைத் திறந்தான். கடைசி பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையில், சந்தியாகு மட்டும் கண்ணை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் வரும்வரை யாபேஸ் அந்த முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.