ஒரு பிடி மலை

சுந்தரம்மாள் மதினி மஞ்சள் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள்.

"செண்பகராஜ் அண்ணாச்சி, மண்ணு தாங்க."

என் வீட்டுக்காரர் அசையவில்லை.

மேசை சோறு தின்ன வாங்கினது. இப்போது அதன் மேல் இவர் கட்டின கார்கில் மலை ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் தரையில் உட்கார்ந்து தின்கிறோம்.

மலை முழுக்க விரல் நீளப் பட்டாளத்துக்காரர்கள். துப்பாக்கி, முதுகுப் பை, தண்ணீர்க்குப்பி எல்லாம் உண்டு. இவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தனுக்கும் மீசை வரைவார். பனிக்குக் குளத்தூர் உப்பு.

பட்டாளத்து ஆளெடுப்பில் நெஞ்சு போதுமான அளவு விரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மனுஷன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. டெலிபோன் ஆபீசில் லீவு கிடைத்தால் போதும், சண்டை நடந்த இடமாகப் பார்த்துக் கிளம்பிவிடுவார். கோஹிமா போனார், ராஜஸ்தான் போனார். போன இடத்திலிருந்தெல்லாம் ஒரு பை மண்ணோடு வந்து, அதில் ஒரு சண்டையைக் கட்டி நிறுத்துவார். என்னை ஒருநாள் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனதில்லை.

போன வருஷம் கார்கிலுக்குப் போனார். வந்த கையோடு இடைசெவலுக்குப் போய் இந்த மதினியைப் பார்த்து, உன் மகன் விழுந்த இடத்தில் நின்று சல்யூட் வைத்தேன், அந்த மண்ணில்தான் மலை கட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டும் வந்தார்.

மதினிக்கு மாடக்கண்ணு ஒரே பையன். இங்கே குருமலைச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன். பட்டாளத்தில் சேர்ந்து, கார்கில் சண்டையில் செத்துப்போனான்.

வருகிற பங்குனிக் கோயில் கொடைக்கு அவனுக்குப் பீடம் போடுகிறார்கள். அநியாயமாய்ப் போன உயிரைச் சாமியாக்கி உட்காரவைக்க, அது பிரிந்த இடத்து மண் ஒரு பிடி வேண்டும். பிடிமண் வந்து சேராவிட்டால் பீடம் வெறும் கல்லுதான். பிள்ளை அங்கேயே அலைந்துகொண்டு கிடப்பான். அதற்குத்தான் மதினி காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறாள்.

இந்த மனுஷன் என்னடாவென்றால், மலைக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அது பசை போட்டு ஒட்டுனதுல்லா தாயி."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பெத்தவள் வயிறு எரிந்து நிற்கிறாள், இவருக்குப் பொம்மை பெரிசாப் போச்சு. மலையையே பேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று கத்தி எடுக்க அடுக்களைக்குள் போனேன். பின்னாலேயே ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏட்டி பேபி, நான் அங்கன போகவே இல்லட்டி."

எனக்கு முதலில் புரியவில்லை. போகிற வழியிலேயே மூச்சு முட்டியிருக்கிறது. ஏதோ ஒரு லாட்ஜில் படுத்துக் கிடந்துவிட்டு, அப்படியே ரயில் ஏறி வந்திருக்கிறார். சொல்ல வெட்கம். மேசையில் இருக்கிறது குருமலை அடிவாரத்தில் சாக்கில் அள்ளின மண்.

"நீங்க வெளங்குவீங்களா?" என்றேன்.

அந்த மண்ணை வைத்துப் பீடம் போட்டு, வருஷா வருஷம் சூடம் கொளுத்தி அழப்போகிறாளே, அந்தப் பாவம் யாரைச் சேரும்? பேபி வாயில் பொய் நிக்காது என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். சொல்லிராதட்டி, சொல்லிராதட்டி என்று இவர் என் முந்தானையைப் பிடித்தார். உதறிவிட்டு வெளியே வந்தேன்.

மதினி காத்திருக்கவில்லை. மலையின் ஓரத்தை நகத்தால் பறித்திருந்தாள். ரெண்டு பட்டாளத்துக்காரர்கள் உப்பில் கவிழ்ந்து கிடந்தார்கள். அவள் உள்ளங்கை நிறைய மண்.

அந்த மண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலால் மெல்லத் தள்ளி, அதற்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள். கறுப்பாய், சின்ன உருண்டை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

ஆட்டுப்புழுக்கை.

போச்சு. பிறந்ததிலிருந்து ஆட்டுக்கிடையில் கிடந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் ரெண்டும் நிறைந்திருந்தது.

"மதினி, அந்த மலையிலயும் ஆடு மேயுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மேலே சொன்னாள்.

"வெறும் பாறையும் பனியும்தான்னு சொன்னாவ. ஒத்தையில கெடக்கானே, பேச்சுத் துணைக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லாத இடத்துல கெடக்கானேன்னுதான் மதினி நான்..." உதட்டைக் கடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

பொய் சொன்னால் எனக்கு நாக்கு குழறும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"மேயுது மதினி," என்றேன். "கிடை கிடையா மேயுது."

அவள் அந்தப் புழுக்கையைக் கீழே போடவில்லை. மஞ்சள் துணியின் நடுவில் அதை முதலில் வைத்தாள். மண்ணை அதன் மேல் கொட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.