நாவலில் வருகிறவள்

அக்கா நூற்றுத் தொண்ணூறாவது பக்கத்தைத் திருப்பினாள்.

தையல் கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வினோலியா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தான் எழுதிய நாவலின் தட்டச்சுத் தாள்களை நேற்று மாலை கொண்டுவந்து கொடுத்திருந்தாள். இன்று காலையிலிருந்து அக்கா மிஷினைத் தொடவில்லை. மதியச் சாப்பாடு டப்பாவில் அப்படியே இருந்தது. ஜாக்கெட் வாங்க வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அக்கா ஜெசிந்தா இதற்கு முன் ஒரு நாவலும் வாசித்ததில்லை.

இன்னும் இருபத்து நான்கு பக்கங்கள்.

நாவல் போட்டிக்கு இன்றுதான் கடைசி நாள். கூரியர் அலுவலகம் ஆறு மணி வரை திறந்திருக்கும்.

அனுப்புவதற்கு முன் அக்கா பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஏனென்றால் அது அக்காவின் கதை.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதாமல் இறால் கம்பெனி வேலைக்குப் போன ஒரு பெண். ஐஸ் தண்ணீரில் மரத்துப்போன விரல்களோடு நாள் முழுக்க நின்றுகொண்டே இறால் உரித்தவள். தங்கை படிக்க வேண்டும் என்பதற்காக.

தங்கை படித்தாள். தூத்துக்குடியிலேயே மாநகராட்சி வேலையும் கிடைத்தது.

ஆனாலும் படித்து முடித்துவிட்டதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வருடத்துக்கு அறுபது புத்தகங்கள் வாசிப்பது என்று வைத்துக்கொண்டாள்.

முப்பது தனக்கு. முப்பது அக்காவுக்குப் பதிலாக.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு நாவல். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சமையல் மேடையில் நோட்டை வைத்து நின்றபடியே எழுதினாள். அடித்துத் திருத்தி, தினமும் ஐம்பது சொற்கள். காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் விடவில்லை. அப்படியே மூன்று வருடம்.

ஐந்தாம் அத்தியாயத்தை எழுதியபோது அவளுக்கே அழுகை வந்தது. காலையில் அக்கா அதே அத்தியாயத்தைத் தாண்டினாள். கண் கலங்கவில்லை.

மூன்றரைக்கு அக்கா கடைசிப் பக்கத்தை மூடினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஏட்டி, நல்லா எழுதிருக்க" என்றாள். "ஆனா இதுல வர்றவ ரொம்ப நல்லவளா இருக்கா. நான் அப்படி இல்ல."

அவள் சிரித்தாள். அக்கா எப்போதும் இப்படித்தான், புகழ்ந்தால் கூச்சப்படுவாள்.

அக்கா சிரிக்கவில்லை.

"உனக்காக நான் படிப்ப விடல, வினோலியா."

அக்கா மற்றதையும் சொன்னாள். தைத்த துணியைப் பிரிப்பதுபோல நிதானமாக.

படிப்பு தலையில் ஏறவில்லை. பரீட்சை என்றாலே ஓடி ஒளியத் தோன்றும். தினமும் காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நிற்கும். உள்ளே பெண்கள் பாடிக்கொண்டும் ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணிக்கொண்டும் இருப்பார்கள். அதில் ஏறிப் போய்விட வேண்டும் என்று ஆசை. வேறு எதைச் சொன்னாலும் அம்மா விட்டிருக்க மாட்டாள். தங்கச்சி படிக்கட்டும் என்று சொன்னதும் கட்டிப்பிடித்து அழுதாள். மறுவாரமே வேனில் இடம் கிடைத்தது.

"உன் பேரச் சொல்லித் தப்பிச்சேன், அவ்வளவுதான். நீ இத இப்படிச் சுமந்துக்கிட்டு இருப்பன்னு எனக்குத் தெரியாது."

விரல் மரத்துப்போனது மட்டும் உண்மை என்றாள்.

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடங்கள். எந்தப் பண்டிகைக்கும் அக்காவுக்குப் புடவை எடுத்த பிறகே தனக்கு எடுத்திருக்கிறாள். அக்காவிடம் ஒருமுறைகூடக் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

அக்காவுக்கென்று வருடா வருடம் ஒதுக்கிய அந்த முப்பது புத்தகங்கள். அவற்றை யாருக்காக வாசித்தாள்?

ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். எதையும் வாசிக்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மணி நாலரை ஆகிவிட்டது.

அக்காவே தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி உறைக்குள் போட்டாள். அவள் கையில் கொடுத்தாள்.

"நேரமாகுது, போ. இப்படியே அனுப்பு. படிக்கிறவங்களுக்கு இவளத்தான் பிடிக்கும்."

அவள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டியின் இருக்கையைத் திறந்து உறையை உள்ளே வைத்தாள். சாவியைத் திருகினாள். வண்டி உறுமியது.

உறைக்குள் இருப்பவளைத்தான் அவளுக்குத் தெரியும்; வேனில் ஏறியவளைத் தெரியாது.

பிறகு வண்டியை அணைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தாள். ஸ்டூலை அக்காவின் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அந்த வேன்ல உன் பக்கத்துல யாரு உக்காருவா?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

நூலை உதட்டில் வைத்து ஈரப்படுத்தினாள். மறுபடி கோக்கப் பார்த்தாள். கோக்க முடியவில்லை.

அப்புறம், தங்கை இதுவரை கேட்டிராத ஒரு பெயரை அக்கா சொன்னாள்.