பாம்புச் செவி

கரடியின் ராக் குழு டிரம்ஸைத் தட்டினாலே முயலுக்குக் காதுக்குள் ஊசி இறங்கும். "சத்தம் தாங்காதவங்க உட்காரலாமா கூடாதான்னு கச்சேரிக்கு முன்னாடியே சொல்லுங்க. அதுகூடவா முடியாது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டது.

நியாயம்தான் என்றது கரடி. ஆனால் ஒரு கச்சேரியைக் கேட்டுப் பார்த்து யார் சொல்வது? "கூர்மையான காதுன்னா பாம்புச் செவின்னுதானே ஊரே சொல்லுது!" என்று பாம்பை அழைத்துவந்தார்கள்.

பாம்பு டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. முயல் புதருக்குள் காதைப் பொத்திக்கொண்டு துடித்தது.

கச்சேரி முடிந்ததும் பாம்பு தீர்ப்புச் சொன்னது. "வயித்துல லேசா கூசுச்சு. மத்தபடி தாலாட்டுதான். கைக்குழந்தையும் கேட்கலாம்."

காடே கைதட்டியது. முயலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய்ப் பாம்பின் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. "ஐயா, உங்களுக்குக் காதையே காணோமே!"

"என்னம்மா? கொஞ்சம் உரக்கச் சொல்லு."

"காது! காது எங்கேன்னு கேட்கிறேன்!" என்று முயல் தொண்டை கிழியக் கத்தியது.

கரடி முகத்தைச் சுளித்தது. "அடேயப்பா, என்ன கத்து கத்துறா! இவளுக்குத்தான் சத்தம் ஆகாதாம்."