உறுத்தாத பெல்ட்

கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, என் கண்ணுகளா. மயிலாடுதுறையில் ஒரு கடைக்குள் நடந்ததைச் சொல்லப் போகிறேன். சின்னக் கதைதான், சோறு வடியும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கடலில் முங்குகிறவர்கள் மேலே மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டுகிற ஈய பெல்ட்டை வேட்டியின் மேல் கட்டிக்கொண்டு அன்சாரின் கடை நடுவே குதித்துக்கொண்டிருந்தார் லூர்துராஜ். ஒவ்வொரு குதிப்புக்கும் இடுப்பிலிருந்த ஈயக் கட்டிகள் ஒன்றோடொன்று மோதி 'டக் டக்' என்றன.

"பாய், பெரியவர் வேட்டியோடயே முங்கப் போறார் போல," என்றான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாமிதுரை. மதகில் அடைத்துக்கொள்ளும் குப்பையை முங்கி எடுக்கிறவன் அவன். முகமூடிக்கு ரப்பர் மாற்ற வந்திருந்தான். "ஆத்துல கணுக்கால் தண்ணி கூட இல்ல. எங்கய்யா முங்குவீங்க?"

அன்சார் சிரிப்பை விழுங்கினான். அந்தமானில் டைவிங் படகில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, அந்தச் சாமான்களையே விற்க உட்கார்ந்தவன் அவன். கிணறு தூர்வாருகிறவர்கள் வருவார்கள், லீவுக்குக் கடல் பார்க்கப் போகிற பையன்கள் வருவார்கள். குத்தாலத்திலிருந்து ஒரு விவசாயி வருவது இதுதான் முதல் தடவை.

"யாருக்குங்கய்யா பெல்ட்டு?"

"என் மகன் ரெஜினுக்கு. அந்தமான்ல டூரிஸ்ட்டுங்களைக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போற வேலை, தம்பி. நாளைக்குக் காலையில வேணும். இதுல ஏதாச்சும் தப்பாயிடுச்சுன்னா அவன் அம்மா தாங்க மாட்டா."

"ஓ, நம்ம ஆளுதானா! அவனையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. கட்டிப் பாத்தாதானே தெரியும்?"

"அவனால வர முடியாது. என் இடுப்புதான் அவனுக்கும்." லூர்துராஜ் பெல்ட்டை அவிழ்த்தார். "இது வேணாம் தம்பி. கட்டி கட்டியா இருக்கு."

அதுவும் சரிதான் என்று நினைத்தான் அன்சார். ஒல்லியான ஆளுக்கு ஈயக் கட்டி இடுப்பெலும்பில் குத்தும். அந்தமான் கடல் கதகதப்பாக இருக்கும், மெல்லிய உடுப்புதான் போடுவார்கள். குத்துவது நேராக உடம்பில்தான் தெரியும். அவன் வேறொரு பெல்ட்டை எடுத்து நீட்டினான். துணிப்பைக்குள் மிளகு அளவுச் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை நிரப்பித் தைத்தது.

லூர்துராஜ் அதை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவையும் குலுக்கினார். "சத்தம் இல்லை," என்றார் தனக்குத் தானே.

"தண்ணிக்கடியில யாருக்குய்யா சத்தம் கேக்கப் போகுது? மீனு வந்து புகார் குடுக்குமா?" என்றான் சாமிதுரை.

பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. "சாய்ச்சுப் பிடிச்சா எல்லாம் ஒரு பக்கமா ஓடிடாதே தம்பி?"

"ஓடாதுங்க. அறை அறையா பிரிச்சுத் தெச்சிருக்கு."

"உறுத்தாதுல்ல?" அவர் உள்பக்கத் துணியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"பச்சப் புள்ளைக்கே கட்டலாம். சரி, பையன் என்ன எடை இருப்பான்?"

"அறுபத்தஞ்சு கிலோ."

"அப்ப இந்த நாலு கிலோ பெல்ட்டே தாராளம்."

"பத்தாது தம்பி."

அன்சார் இன்னொன்றை எடுத்து வைத்தான். பெரியவர் தலையை ஆட்டினார். மூன்றாவதை வைத்தான். அதற்கும் ஆட்டினார்.

"கடையில இதே மாதிரி எத்தனை இருக்கோ, அத்தனையும் எடுங்க."

சாமிதுரையின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயா, இதையெல்லாம் கட்டிக்கிட்டு முங்குனா மேல வரவே முடியாது," என்றான் அன்சார்.

"தெரியும் தம்பி."

அந்தக் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.  அன்சார் மேசை மேல் கிடந்த பெல்ட்டுகளை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நான் விக்க மாட்டேன். யாரை முக்கப் பாக்குறீங்க? இல்லன்னா... நீங்களே..." அவன் பெரியவரின் சட்டைப் பையைக் காட்டினான். "மகனுக்கு போன் போடுங்க. அவன் வாயால இத்தனை வேணும்னு சொல்லட்டும், தர்றேன்."

லூர்துராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.  பிறகு பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பெட்டி செய்யுறவரு மணல் மூட்டை வைங்கன்னாரு. எனக்கு மனசு வரலை," என்றார். "நாளைக்குக் காலையில அடக்கம். மாமன் மச்சானுங்க தோள் மாத்தித் தூக்குறப்ப அவங்களுக்குக் கனக்கணும். பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். அவன் அம்மா விண்ணரசி அது மேல விழுந்து அழுவா, பிடிச்சு உலுக்குவா. புள்ள உள்ளதான் இருக்கான்னு அவ நம்பணும்."

அன்சாரின் கைகள் பெல்ட்டுகளை விட்டுவிட்டன. "அப்போ... ரெஜின்?"

"கடல் திருப்பிக் குடுக்கலை, தம்பி."

உங்கள் வீட்டிலிருந்து போனவர்கள் அத்தனை பேரும் தங்கள் காலாலேயே நடந்து வந்து வாசல்படி ஏறட்டும், என் கண்ணுகளா.