எல்ம் மரக் காவலன்

நோர்வேயின் எல்ம் மரங்கள் எல்லாம் ஒரே ஒருவனை நம்பித்தான் நிற்கின்றன. அவன் என் அறைத்தோழன் ரிசாந். இதை எனக்குச் சொன்னவனும் ரிசாந்தான். வனவியலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் எங்கள் குடியிருப்பு முற்றத்திலும் ஓர் எல்ம் உண்டு. பக்கத்து வீட்டு யோகராணி அன்ரி வெயிலில் போர்வை விரித்து அரிசியைக் காயப்போட்டுவிட்டு, அந்த நிழலில் கதிரை போட்டுக் காவல் இருப்பார்.

"அன்ரி, இது ஒஸ்லோ. ஆக்கள் பாத்துச் சிரிப்பினம்" என்றான் ரிசாந்.

"சிரிக்கட்டும் தம்பி. அரிசி பழுதாப்போனால் அவையே வாங்கித் தருவினம்?"

மரத்தில் சாய்ந்த ரிசாந், சற்று நேரத்தில் அடிமரத்தில் எள்ளளவு வண்டொன்றைக் கண்டான்.

"எல்ம் பட்டை வண்டு. மரத்தைக் கொல்லுற நோயைப் பரப்பும். பாத்த உடனை தெரிஞ்சிட்டுது. மரத்தைத் தறிக்கத்தான் வேணும்."

அன்ரியின் முகம் வாடியது. "அப்ப நான் எங்கையடா இருக்கிறது?"

ரிசாந் அழைக்க, நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தார். உருப்பெருக்கியால் வண்டைப் பார்த்தார்.

"மூக்கு நீளம். இது மரத்தைத் தொடாது. அரிசி தின்னும்."

ரிசாந் வெற்றிப் பார்வையோடு அன்ரியின் போர்வையைக் காட்டினான். அன்ரி அரிசியைச் சுளகில் அள்ளிக் கொடுத்தார். அந்தப் பெண் கிளறிக் கிளறித் தேடினார். ஒரு வண்டுகூட இல்லை.

பிறகு அவர் ரிசாந்தின் ஜாக்கெட் கொலரிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

எங்கள் அறையில் அந்த ஜாக்கெட் தொங்குவது அரிசி மூட்டைக்கு நேர் மேலே.

மறுநாள் முற்றத்தில் இரண்டு போர்வைகள் விரிந்தன. எல்ம் நிழலில் இரண்டு கதிரைகள். ஒன்றில் ரிசாந், புறா விரட்டிக்கொண்டிருந்தான்.